காவலாளிக்கென்றே நூற்ற நூல்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு, குளிரை எதிர்த்து மனித இனம் எடுத்த மிகப் பெரிய நடவடிக்கை எங்கள் ஆய்வகத்தில்தான் நடந்தது. வாசல் காவலாளிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருவது என்று நாங்கள் தீர்மானம் போட்டோம். நெருப்பைக் கண்டுபிடித்தவர்களிடம் ஒரு குறை இருந்தது. அவர்கள் கூட்டம் போடவில்லை, குறிப்பு எழுதி வைக்கவில்லை. அதனால் கண்டுபிடித்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் விஷயத்தில் அந்தக் குழப்பம் வராது. எல்லாக் கூட்டங்களுக்கும் குறிப்பெடுத்தவள் நான்.

எங்களுடையது அளவை ஆய்வகம். தராசு, எடைக்கல், அளவுநாடா, வெப்பமானி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் தருவோம். இந்த ஊரில் ஒரு கிலோ ஒரு கிலோவாகவே இருப்பது எங்கள் கருணை. மொத்தம் பன்னிரண்டு பேர். பதவியில் பன்னிரண்டாவது நான். இயற்பியல் படித்துவிட்டு இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "பேசாதவங்க நல்லா எழுதுவாங்க" என்று சொல்லி இயக்குநர் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்.

காவலாளி அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினான்கு வருடமாக அதே வாசல். அகலமான மனிதர். கதவைத் திறந்துவிட்டு நடுவில் நின்றால் கதவு மூடியிருப்பதாகவே தோன்றும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிறது வாசல். காற்றுக்கு வேறு வழி கிடையாது. அவருடைய காவல் அறைக்கு மூன்று சுவர்கள். வண்டிகளைத் தடையின்றிப் பார்ப்பதற்காக நாலாவது சுவர் 'தவிர்க்கப்பட்டது'.

காலை ஆறு மணிக்கு வாசலைத் திறப்பதும், வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை. அதாவது தனக்கு எவ்வளவு குளிர்கிறது என்பதை அவரே தினமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அவர் எழுத்து நடுங்கத் தொடங்குகிறது என்று எங்கள் துணை இயக்குநர் ஒரு வரைபடமே போட்டு வைத்திருக்கிறார். துணை இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தசமம். மணி என்ன என்று கேட்டால் நொடியையும் சேர்த்துச் சொல்வார்.

அண்ணன் கொடுத்த மனு ஒரே வரி. "காலையில் குளிர் தாங்க முடியவில்லை, ஒரு ஸ்வெட்டர் வேண்டும்." சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள அவரால் முடியும். ஆனால் சீருடைக்கு மேல் ஆய்வகம் சான்றளிக்காத எதையும் அணியக் கூடாது என்பது விதி. அளவை ஆய்வகத்தின் வாசலில் அளவு தெரியாத ஒரு ஆடை நின்றால் ஊர் என்ன நினைக்கும்?

மனு வந்த நேரம், இயக்குநர் மூன்று நாள் 'உள்ளொளிக் கைவினை' முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். போகும்போது கோபக்காரராகப் போனவர், வரும்போது கையில் நூல் நூற்கும் ஒரு தக்கிளியும் முகத்தில் ஒரு புன்னகையுமாக வந்தார். கோபம் இருந்தபோது ஒரு வேலை ஒரு நாளில் முடியும்.

முதல் கூட்டம். அன்று காலை பதிவேட்டில் ஒன்பது டிகிரி.

எடைக்கல் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் முதலில் பேசினார். அவருக்குப் பின்னத் தெரியும். பேருந்தில் நின்றுகொண்டே காலுறை பின்னி முடித்தவர்.

"சார், எதிர்க் கடையில நல்ல கம்பளி நூல் இருக்கு. வாங்கிக் குடுத்தா ரெண்டு வாரத்துல பின்னிடுவேன். நாம அளந்து சான்று குடுத்துடலாம்."

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அந்த நூலை யாருக்காகம்மா நூத்தாங்க?"

"வாங்குறவங்களுக்காக சார்."

"எல்லாருக்காகவும் நூத்தது யாருக்காகவும் நூத்தது இல்ல. நாம அந்த நூலை வாங்கினா என்ன ஆகும்? அதுக்கு ஏத்த ஸ்வெட்டர்தான் பின்ன முடியும். அப்புறம் அந்த ஸ்வெட்டருக்கு ஏத்த ஆளைத் தேடணும். இது எவ்வளவு பெரிய அடிமைத்தனம் தெரியுமா? முதல்ல ஆள். ஆளுக்கு ஏத்த ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு ஏத்த நூல். நூலை நாமதான் நூக்கணும்."

"நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் ஒருவர்.

"எந்த எண் நூல்னு சொல்லாம விட்டுட்டாங்க" என்று தசமம் வருத்தப்பட்டார்.

"அதுவரைக்கும் அவருக்குக் குளிருமே சார்" என்றார் அக்கா.

"குளிரட்டும்மா. தேவை இருந்தாத்தான் திட்டம் உயிரோட இருக்கும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. "முதலில் ஆள்" என்ற இயக்குநரின் வாசகம் கண்ணாடிச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டப்பட்டது.

முதலில் ஆளை அளந்தோம். எங்கள் அளவீட்டு அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். வெப்பம் மாறினால் அளவுநாடா நீண்டு சுருங்கும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. அண்ணன் அந்த அறைக்குள் வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று அதிகாரிகள் மூன்று தடவை அளந்தார்கள். மூச்சு இழுத்த நிலையில், மூச்சு விட்ட நிலையில், மூச்சைப் பற்றி நினைக்காத நிலையில்.

"முடிஞ்சுதுங்க, நீங்க போலாம்" என்றார் தசமம்.

"இன்னொரு தடவை அளந்துடுங்க சார். எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு" என்றார் அண்ணன்.

அவருடைய அறிவியல் மனப்பான்மையை மெச்சி மேலும் நான்கு தடவை அளந்தார்கள். மார்பு நூற்று ஆறு புள்ளி நான்கு சென்டிமீட்டர். ஒரு மனிதரை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் யாரும் தெரிந்துகொண்டதில்லை. அவர் மனைவிகூட.

அடுத்தது நூலின் வடிவமைப்பு. ஒரு அளவுகோலின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றினால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்று அடங்குகிறது என்று பார்ப்பார்கள். தடித்த நூல் குறைவாக அடங்கும், மெல்லியது அதிகமாக அடங்கும். அண்ணனின் மார்புக்கும், வாசல் காற்றுக்கும், கம்பளியின் குணத்துக்கும் பொருத்தமானது எட்டுச் சுற்று என்று இயக்குநர் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த எட்டுச் சுற்று நூலால் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை பின்ன வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் தசமம் வரைந்தார். அந்த அளவு நூல் ஒரு துண்டு ஒட்டிய அட்டை ஒவ்வொருவர் மேசையிலும் வைக்கப்பட்டது. நூற்கும்போது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை இழையை வலப்பக்கமாக முறுக்கி, பிறகு இரண்டு இழைகளைச் சேர்த்து இடப்பக்கமாக முறுக்க வேண்டும். வலப்பக்கம் என்பது யாருடைய வலப்பக்கம், நூற்பவருடையதா, தக்கிளியுடையதா என்று ஒரு கேள்வி எழுந்தது. நல்ல கேள்வி. அதற்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. இரண்டாவது கூட்டத்தன்று பதிவேட்டில் ஏழு டிகிரி.

பிறகு நூற்றோம். தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஆய்வகமே நின்றுகொண்டு நூற்றது. தராசு கொண்டுவந்தவர்கள் வெளியே வரிசையில் காத்திருந்தார்கள். இழை அறுந்தால் தக்கிளி கீழே விழும். டொக். நடைவழியில் நடந்தால் ஒவ்வொரு அறையிலிருந்தும் டொக், டொக் என்று கேட்கும். விழுந்ததைக் கணக்கெடுக்க ஒரு பதிவேடு போட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் எழுதுவதற்காகத் தக்கிளியைக் கீழே வைப்பார். அதுவும் ஒரு டொக்.

நூற்பதில் மனிதர்களின் குணம் தெரிந்துவிடும் என்பார்கள். தசமம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூற்றார். அவர் நூல் சிலந்திக்கே வெட்கம் வரும்படி இருந்தது. இயக்குநர் கண்ணை மூடி உள்ளொளியைப் பார்த்துக்கொண்டே நூற்றார். அவர் நூலில் வாளி கட்டிக் கிணற்றில் இறக்கலாம். அவரிடம் இதைச் சொல்ல ஆள் இல்லை.

"சார் நூல்ல ஒரு கம்பீரம் இருக்கு" என்றார் தசமம்.

"உங்க நூல்ல ஒரு நுட்பம் இருக்கு" என்றார் இயக்குநர்.

அளந்து பார்த்தோம். இயக்குநர் நான்கு சுற்று. தசமம் பன்னிரண்டு. மற்றவர்கள் ஐந்து, பத்து, ஆறு, பதினொன்று என்று அவரவர் விருப்பப்படி. அக்காவுடையது எட்டு. என்னுடையது ஏழரை, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பது நல்லது. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தார் தசமம்.

"சராசரி எட்டு சார். எட்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்."

அறையில் கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் தழுவிக்கொண்டார்கள். அக்கா மட்டும் இயக்குநர் நூலையும் தசமத்தின் நூலையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று கயிறு, ஒன்று மயிர்.

"சார், சராசரி பின்னாது சார். நூல்தான் பின்னும்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. புள்ளிவிவரம் உங்களுக்குப் பின்னால நிக்குது."

"ரெண்டு மெல்லிசை ஒண்ணாச் சேர்த்து, தடிசை ஒதுக்கி வச்சா..."

"யாரோட நூலை ஒதுக்கணும்னு சொல்றீங்க?" என்று கேட்டார் இயக்குநர், அதே புன்னகையோடு.

அக்கா யாருடையதும் இல்லை என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன்.

முறுக்கிய நூல் உடனே பின்னலுக்கு ஆகாது. முறுக்கு அடங்குவதற்கு அதை ஓய்வாக விட வேண்டும். நூலுக்குப் பத்து நாள் விடுப்பு வழங்கி ஆணை போட்டார்கள். அந்த வாரம் காவலாளி அண்ணன் இருமலுக்காக இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருந்தார். ஒரே நேரத்தில் இருவருக்கு விடுப்புத் தர இயலாது என்று பதில் போயிற்று.

பிறகு மாதிரித் துண்டு. உள்ளங்கை அளவு சதுரமாக ஒன்று பின்னி, துவைத்து, உலர்த்தி, அளந்து பார்க்க வேண்டும். அக்கா தன்னுடைய எட்டுச் சுற்று நூலில் அதைப் பின்னினார். அற்புதமாக வந்தது. அதற்கு முதன்மைத் தரமாதிரி என்று பெயரிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். துண்டில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. கையெழுத்துப் போட வந்த அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எனக்குன்னு பின்னினதா பாப்பா?"

"ஆமாண்ணே. மாதிரி."

"இதையாவது குடுங்களேன். நெஞ்சுல வச்சுக்கிறேன். இருமும்போது இதமா இருக்கும்."

"தொட்டா அளவு மாறிடுமாம்ணே."

"விளக்கெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. குடுத்து வச்ச துண்டு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அன்று நான்கு டிகிரி. எழுத்து நடுங்கியிருந்தது. தசமத்தின் வரைபடம் மெய்யென்று நிரூபணமாயிற்று.

மறுநாள் அக்கா கடையிலிருந்து ஒரு கழுத்துத் துணியை வாங்கிக்கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தார். அரை மணி நேரம் அவர் அதைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்த நோக்கத்துக்காக நூற்கப்பட்ட நூல் என்ற விவரம் அதில் இல்லாததால் தேறவில்லை. இப்போதும் தசமத்தின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மிகவும் மென்மையானது என்று அவர் சொல்வார்.

அக்கா ஸ்வெட்டரைப் பின்னினார். எந்த நூல் எங்கே என்பதைப் பதவி வரிசை தீர்மானித்தது. கீழ் விளிம்புதான் அடித்தளம்; அது இயக்குநருடையது. தசமத்தின் நூல் மெல்லியது, ஆகவே நீளம் அதிகம், ஆகவே மார்பு முழுவதும் அவருடையது. இடது கை தராசுப் பிரிவு, வலது கை வெப்பமானிப் பிரிவு. அக்காவுடையதும் என்னுடையதும் கழுத்துக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில். கண்ணிகளின் எண்ணிக்கையைத் தாளில் இருப்பதிலிருந்து ஒன்றுகூட மாற்றக் கூடாது என்று ஆணை. அக்கா மாற்றவில்லை. பின்னும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணிகளை எண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்ட பிறகு அது எண்ணிக்கை இல்லை என்று தெரிந்தது.

முடிந்ததும் அதற்குச் சான்றிதழ் வழங்கினோம். பொன்னிற முத்திரை. எண், தேதி, மூன்று கையெழுத்துகள்.

உடுத்திப் பார்க்கும் விழா அளவீட்டு அறையில் நடந்தது. இயக்குநர் தன் கையால் அதை விரித்துக் காட்டினார். கீழே பாவாடைபோல விரிந்து, நடுவில் உடுக்கைபோல ஒடுங்கி, கழுத்தில் மீண்டும் அகன்றிருந்தது. இடது கை வலது கையைவிட ஒன்பது சென்டிமீட்டர் நீளம். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நல்ல மனிதர், கையைத் தூக்கினார். கை நுழைந்தது. தலை நுழைந்தது. மார்பு வந்ததும் நின்றுவிட்டது. நான்கு அதிகாரிகள் நான்கு பக்கமும் பிடித்து இழுத்தார்கள்.

"மூச்சை விடுங்க" என்றார் தசமம்.

உள்ளேயிருந்து, "விட்டுட்டேன் சார்" என்று குரல் வந்தது.

"இன்னும் விடுங்க."

"இனிமே விட்டா திரும்பி வராது சார்."

கழற்றுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவசரக் கூட்டம் கூடியது. நாங்கள் விஞ்ஞானிகள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். திட்டம் சரி. கணக்கு சரி. நூலின் சராசரி எட்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம். கண்ணிகள் சரி. ஸ்வெட்டருக்குச் சான்றிதழே இருக்கிறது. இவை எல்லாம் சரியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அவரைத் திரும்ப அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பார்த்தோம் சார். அதே நூத்தி ஆறு புள்ளி நாலு. இம்மிகூட மாறல."

"அதான் சிக்கலே. நாம இவ்வளவு பேர் மூணு மாசமா பாடுபட்டிருக்கோம். அவர் பங்குக்கு ஒரு சென்டிமீட்டராவது மாறியிருக்காரான்னு பாருங்க."

"சார், பிரிச்சுட்டுத் திரும்பப் பின்னிடறேன் சார். பத்தே நாள்" என்றார் அக்கா.

"சான்று குடுத்த பொருளைப் பிரிக்கிறதா? அப்புறம் ஊர்ல இருக்கிற ஒவ்வொரு எடைக்கல்லையும் சந்தேகப்படுவாங்களேம்மா."

"செருப்புக்காகக் காலை வெட்டுற கதையா இருக்கு சார்."

"வெட்ட வேண்டாம். வேற கால் பார்க்கலாம்" என்றார் இயக்குநர்.

முதலில் நூல், நூலுக்கு ஏற்ற ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு ஏற்ற ஆள் என்று திட்டம் 'செம்மைப்படுத்தப்பட்டது'. நடைவழிச் சட்டத்தில் இருந்த வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. "முதலில் ஆள்" என்பதற்கு அடியில் "தேவை" என்று ஒரு சொல் சேர்த்தார்கள். விளம்பரமும் ஆயிற்று.

வாசல் காவலாளி. மார்பு எழுபத்தெட்டு சென்டிமீட்டர், இடுப்பு நூற்றுப் பதினெட்டு, இடது கை வலது கையைவிட ஒன்பது அதிகம். அனுபவம் தேவையில்லை.

பதினொரு பேர் வந்தார்கள். காவலாளி அண்ணனே அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டு, எந்த அறை என்று வழிசொல்லி அனுப்பினார். "உள்ள கதகதப்பா இருக்கும், பயப்படாம போங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒல்லியான ஒருவர் மார்பில் தேறினார்.

"இடது கை கொஞ்சம் குறையுது. நீட்ட முடியுமா?" என்று கேட்டார் தசமம்.

"எவ்வளவு சார்?"

"ஒன்பது சென்டிமீட்டர்."

"பழகிக்கிறேன் சார்" என்றார் அவர். வேலை தேடுகிறவர். ஆனால் இடுப்பில் அவரைப்போல இன்னொருவருக்கு இடம் இருந்தது. அனுப்பிவிட்டோம்.

யாரும் தேறாமல் எல்லோரும் சோர்ந்திருந்தபோது தசமம் தற்செயலாகச் சன்னல் வழியே எதிர்த் தையல் கடையைப் பார்த்தார். அங்கே துணி மாட்டிப் பார்க்கும் பொம்மை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் திருகு உண்டு. திருகினால் இடுப்பு அகலும், மார்பு ஒடுங்கும். கொண்டுவந்து அளந்தோம். மார்பு எழுபத்தெட்டு. இடுப்பைத் திருகி நூற்றுப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தோம். கையே கிடையாது, ஆகவே கை நீளத்தில் விலகலும் கிடையாது. தலையும் இல்லை. விளம்பரத்தில் தலை கேட்கப்பட்டிருக்கவில்லை.

ஸ்வெட்டர் அதற்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான்யா திட்டமிட்ட நூற்பு" என்றார்.

கடைசிக் கூட்டத்தில் பொம்மையை வாசலுக்கு நியமிப்பதும், அண்ணனைப் பணியிலிருந்து விடுவிப்பதும் விவாதத்துக்கு வந்தன. சிலருக்கு மனசு உறுத்தியது. எங்கள் ஆய்வகத்தில் மனசாட்சிக்கு எப்போதும் இடமுண்டு. அதற்காக ஒரு துணை விதி சேர்த்தார்கள். கம்பளி நாளாக ஆகத் தளரும். ஸ்வெட்டர் நூற்று ஆறு புள்ளி நான்கு சென்டிமீட்டருக்குத் தளர்ந்ததும், காவலாளி உடனடியாகத் திரும்ப அழைக்கப்படுவார்.

"திரும்பக் கூப்பிடத்தானே போறோம்" என்றார் இயக்குநர்.

"அப்படின்னா சரி" என்று ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். அக்கா பேனாவை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "எவ்வளவு நாளாகும் சார்?" என்று கேட்டார். "கம்பளிதானேம்மா, தளரும்" என்றார் இயக்குநர். அக்காவும் கையெழுத்திட்டார்.

தாள் கடைசியாக என்னிடம் வந்தது. ஸ்வெட்டரை மூன்று வாரம் தொங்கவிட்டு அளந்திருந்தோம். வாரத்துக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று மில்லிமீட்டர் தளர்கிறது. தளர வேண்டியது இருநூற்று எண்பத்து நான்கு மில்லிமீட்டர். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு வருடம் ஐந்து மாதம். அண்ணன் தன்னுடைய நூற்று எட்டாவது வயதில் வேலைக்குத் திரும்புவார். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் கணக்கை அழித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். ஒருமனதாக என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் சாவிக்கொத்தை ஒப்படைக்க என் மேசைக்கு வந்தார். காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். பழைய அரைக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க பாப்பா."

படித்தேன்.

"ஒருமனதான்னா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்ணே."

"எடைக்கல் அம்மாவுமா?"

"ஆமாண்ணே."

"தாளுக்குப் பின்னால பென்சில் அழிச்ச மாதிரி இருக்கே, அது என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இருமினார்.

"எனக்குக் கூட்டத்துல பேச வராதுண்ணே" என்றேன்.

"தெரியும் பாப்பா. ஆனா தலையாட்டாம இருக்கிறதுக்குப் பேச வேண்டியதில்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. சாவிகளை ஒவ்வொன்றாக, எது எந்தப் பூட்டுக்கு என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலை அவரே திறந்து, வெளியே போய், அவரே மூடினார்.

திட்டம் முழு வெற்றி. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. வாசலில் குளிரைப் பற்றி அதன் பிறகு ஒரு புகாரும் இல்லை. வெப்பமானியைப் பார்த்து எழுத ஆள் இல்லாததால் குளிரே பதிவாவதில்லை; பதிவாகாத ஒன்றை நாங்கள் நம்புவதில்லை. வாசலை நாங்களே இறங்கித் திறந்துகொள்கிறோம். திங்கட்கிழமைதோறும் தசமம் நாடாவோடு போய் ஸ்வெட்டர் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டு, நம்பிக்கையோடு திரும்பி வருகிறார்.

ஆய்வகத்தில் இப்போது மொத்தம் பதின்மூன்று பொம்மைகள். அவற்றில் பன்னிரண்டுக்குத் தலை உண்டு, கை உண்டு. கையெழுத்துப் போட்டது அந்தப் பன்னிரண்டும்தான்.